வாரியம் செய்த மிகச் சிறந்த கால்

ரொட்டிக்கடைக்காரரின் மீசை பாதியாகப் போனதற்கு முழுப் பொறுப்பும் சலூன்காரருடையதுதான். அதை அவரே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் தப்பவும் வழி இல்லை. கத்தி அவர் கையில்தான் இருந்தது.

அது சாதாரண மீசையும் இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கி மேலே தூக்கிவிட்ட மீசை. ரொட்டிக்கடைப் பலகையில் ரொட்டியைச் சின்னதாகவும் மீசையைப் பெரிதாகவும்தான் வரைந்திருக்கும். வாரம் ஒரு தரம் அதை ஒழுங்கு பண்ண வருகிற மனிதர், அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா, அந்தக் கட்டைக் காலை வச்சுக்கிட்டு நாள் பூரா நாற்காலியை ஏத்தி இறக்குறியே, கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமா? மச்சான் இருக்கும்போது எனக்கென்னண்ணே கஷ்டம்!"

மச்சான் என்றால் வலது முழங்காலுக்குக் கீழே அவர் மாட்டியிருந்த செயற்கைக் கால். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி பின்னால் வந்ததில் சொந்தக் கால் போய், ஓர் ஆஸ்பத்திரி புண்ணியத்தில் இது வந்தது. வீட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டு, விடிந்ததும் உபசாரம் கேட்டு, வேலை நேரத்தில் முனகி, அசந்தால் ஆளைக் கீழே தள்ளிவிடுகிறவனை வேறு என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பது சலூன்காரரின் கட்சி. வீட்டம்மாவுக்கு நிஜமாகவே ஓர் அண்ணன் இருந்ததால் அந்தப் பெயரை அவள் ரசிக்கவில்லை.

ரோஷம் தாங்காமல் சலூன்காரர் மச்சானாலேயே நாற்காலிப் பெடலை மிதித்துக் காட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ரொட்டிக்கடைக்காரர் கண்ணாடியின் உச்சிவரை உயர்ந்தார். ஒன்பதாவது மிதியில் "டப்" என்று ஒரு சத்தம். மச்சானின் பாதம் செருப்போடு கழன்று போய்க் கண்ணாடிக்கு அடியில் நின்றது. விழுந்த சலூன்காரர் பிடிக்கக் கிடைத்ததைப் பிடித்தார். பிடித்தது நாற்காலியை இறக்கும் கம்பி. நாற்காலி இறங்கியது. கத்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் கண்ணாடியையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"மிச்சத்தையும் எடுத்துட்டா ஒரே மாதிரி ஆயிடும்ணே" என்று தரையிலிருந்து சலூன்காரர் யோசனை சொன்னார்.

"தொட்டே, தொலைச்சுப்புடுவேன். இதைக் கெடுத்தவன் நீ. ரெண்டு காலுல நின்னு இதை நீதான் சரி பண்ணணும். அதுவரைக்கும் இது இப்படியே இருக்கும். ஊரே பாக்கட்டும்!"

சலூன் முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பேசுகிற மாதிரியே பேசினார். "உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனசு வருமா? மூணு வாரம் பாக்கறேன். அதுக்குள்ள நின்னு வேலை செய்யற மாதிரி வந்துடு. இல்லேன்னா முதல் நாற்காலியை வேற ஆளுக்குக் குடுக்கறதைத் தவிர வழியில்ல."

இருபத்தாறு வருஷமாக அந்த முதல் நாற்காலி சலூன்காரருடையது. அதன் பின்னால் நிற்கும்போதுதான் அவர் ஓர் ஆள். மற்ற நேரத்தில் ஒரு காலும் ஒரு மச்சானும்.

"உறுப்பு வாரியத்துக்குப் போங்க, இப்பல்லாம் அவங்கதான் கால் குடுக்கறாங்களாம்" என்றாள் வீட்டம்மா. "போனா ரெண்டே விஷயம் கேட்டுட்டு வாங்க. புதுக் கால் போட்டா நாள் முழுக்க நிக்க முடியுமா, வலிக்குமா? கால் இளைச்சுப் போய் அஞ்சு சாக்ஸ் போட்டும் காலைச் சொருகற அந்தக் கிண்ணம் ஆடுது. சாயந்திரமானா புண்ணைக் கழுவி விடறது உங்க மச்சான் இல்ல, நான்."

*

செயற்கை உறுப்பு மேம்பாட்டு வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு மட்டும்தான். சலூன்காரர் உடைந்த மச்சானை வீட்டில் விட்டுவிட்டு, கக்கத்தில் இடுக்கிய கட்டையை ஊன்றி ஊன்றி ஏற, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் பின்னாலேயே வந்தார். விழுந்தால் பிடிக்க என்று அவர் சொன்னார். ஆள் தப்பித்து ஓடிவிடாமல் இருக்க என்று சலூன்காரர் நினைத்தார்.

கவுண்டரில் இருந்த அம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்படி மேல வந்தீங்க?"

"ஏறித்தான்மா."

"மூணு மாடி ஏறி வந்துட்டீங்க. அப்புறம் எதுக்குக் கால்?"

"ஏற முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்க மனுவே குடுக்கலையே" என்றாள் அம்மா. வாரியத்தின் படிவங்கள் ஏன் தீராமல் இருக்கின்றன என்பது சலூன்காரருக்குப் புரிந்தது.

படிவத்தில் ஒரு மனித உருவம் எதிரே பார்த்து நின்றுகொண்டிருந்தது. 'இல்லாத உறுப்பை வட்டமிடுக.' இங்கேதான் சலூன்காரர் இரண்டாவது தப்பைச் செய்தார். கண்ணாடியைப் பார்த்தே காலம் தள்ளியவர். கண்ணாடியில் எதிரே நிற்கிறவனின் வலது, நம் வலதுகைப் பக்கம்தான் இருக்கும். பழக்கதோஷத்தில் தாளின் வலது ஓரத்தில் இருந்த காலை வட்டமிட்டார். அது படத்தில் இருந்தவனின் இடது கால். அம்மா அதன்மேல் முத்திரை குத்தினாள். 'இடது கால் இழப்பு' என்று பதிந்தாள்.

"புதுக் கால் போட்டா நாள் முழுக்க நிக்க முடியுமாம்மா? வலிக்குமா?"

"அதெல்லாம் பிரிவு அலுவலர்தான் சொல்லணும். அடுத்த திங்கக்கிழமை வாங்க."

அடுத்த திங்கட்கிழமை மறுபடி மூன்று மாடி. பிரிவு அலுவலர் கோப்பைப் பார்த்தார்; சலூன்காரரின் காலைப் பார்த்தார்; மறுபடி கோப்பைப் பார்த்தார். முகம் இறுகியது.

"உங்களுக்கு இடது கால் இருக்கே?"

"ஆமா சார். இல்லாதது வலதுதான். நான்தான் தப்பா வட்டம் போட்டுட்டேன். கண்ணாடிப் பழக்கம்."

"கோப்புல இடது கால் இல்ல. உங்ககிட்ட இருக்கு. எப்படி வந்துச்சு?"

"பொறந்ததுல இருந்தே இருக்கு சார்."

"ஆதாரம்?"

சலூன்காரர் காலை ஆட்டிக் காட்டினார்.

"காலுக்குக் காலே ஆதாரம் ஆக முடியாதுங்க" என்று பிரிவு அலுவலர் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. உடம்புங்கறது மாறிக்கிட்டே இருக்கு. மெலியுது, வீங்குது, ஒரு நாள் இல்லாமலே போகுது. கோப்பு மாறாது. ரெண்டுல நாங்க எதை நம்பணும்னு நீங்களே சொல்லுங்க. உடம்பை நம்பி ஒரு வாரியம் நடத்த முடியுமா?"

"வட்டத்தை மட்டும் அழிச்சுட்டுப் பக்கத்துல போட்டா..."

"முத்திரை குத்தின வட்டம்!" அலுவலருக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. பிறகு தேறி, பின்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தார். "கைக்குட்டையை எடுங்க. உங்களுக்கு எது இல்ல?"

"மீசைல பாதி."

அலுவலர் அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "எந்தப் பக்கம்?"

"வலது."

"பாருங்க" என்று சலூன்காரரிடம் திரும்பினார். "இவர் எவ்வளவு தெளிவாச் சொல்றாரு!"

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் சலூன்காரர் மறக்காமல் கேட்டார். நிற்க முடியுமா என்பது மருத்துவக் குழு சொல்ல வேண்டியது, வலி என்பது வாரியத்தின் சொல்பட்டியலிலேயே இல்லாதது என்று பதில் வந்தது. "நாங்க அதைப் 'பழகுநிலை'ன்னு சொல்றது."

"சரி சார், பழகுநிலை இருக்குமா?"

"அது பயனாளிக்குப் பயனாளி மாறும்."

வீட்டுக்கு வந்து வீட்டம்மாவிடம் சொன்னார். "எங்கண்ணனை எத்தனை வருஷமா கேலி பண்ணீங்க. அந்த ஆளு ஒரு கேள்வி கேட்டா தப்பாவாவது ஒரு பதில் சொல்லுவாரு."

*

மருத்துவக் குழுவில் மூன்று பேர். ஒருவர் பார்ப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் கையெழுத்துப் போடுபவர். சலூன்காரரை மேசையில் உட்காரவைத்து இடது காலின் சாக்ஸைக் கழற்றினார்கள். வலது பக்கம் மடித்து ஊக்கு குத்தியிருந்த பேன்ட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பில் இல்லாத இடத்தைப் பார்ப்பது மரியாதை ஆகாது.

பார்ப்பவர் இடது காலைத் தடவினார், தட்டினார், மடக்கினார், முகர்ந்தும் பார்த்தார்.

"சூடா இருக்கு" என்றார் மெதுவாக. எழுதுபவர் எழுதினார்.

"முடி இருக்கு."

"விரல் அஞ்சும் தனித்தனியா அசையுது."

"நகம் வளருதா?"

"வளருது சார்."

"என்ன பண்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை வெட்டுவேன்."

'பராமரிப்பு: பயனாளியே செய்துகொள்கிறார்' என்று எழுதுபவர் எழுதினார்.

மூவரும் மூலைக்குப் போய்ப் பேசினார்கள். அந்தப் பேச்சு சலூன்காரருக்குத் தெளிவாகவே கேட்டது. இடது கால் போய்விட்டது என்று கோப்பு சொல்கிறது. இப்போது இடது கால் இருக்கிறது. ஆக, யாரோ கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் கால் கொடுக்க அதிகாரம் உள்ள ஒரே இடம் வாரியம். ஆக, வாரியம்தான் கொடுத்திருக்கிறது. எப்போது கொடுத்தது, யார் கொடுத்தது என்பதெல்லாம் பழைய பதிவேடுகளில் இருக்கும். பழைய பதிவேடுகள் மழையில் நனைந்துவிட்டன.

கையெழுத்துப் போடுபவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "இப்படி ஒரு கால் நாம செஞ்சிருக்கோம்னு இத்தனை நாள் நமக்கே தெரியலையே!" அவர் கண் கலங்கியிருந்தது.

"சார், அது என் கால்" என்றார் சலூன்காரர்.

"உங்க கால்தான்" என்று பார்ப்பவர் அவர் தோளைத் தட்டினார். "அப்படித்தான் நினைக்கணும். நிறையப் பேரு புதுக் காலைத் தன் காலா ஏத்துக்கவே மாட்டாங்க. நீங்க ஏத்துக்கிட்டீங்க. அதான் பெரிய விஷயம்."

"அப்ப இல்லாத வலது கால்?"

எழுதுபவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே" என்றார் அனுதாபத்தோடு.

அந்த வாரக் கடைசியில் சலூன்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. கால் கொடுக்க இல்லை, மேடை ஏற. அன்றைக்கே வாரியத்தின் வெள்ளி விழா.

"போகாதீங்க" என்றாள் வீட்டம்மா.

"போகலேன்னா கோப்பை மூடிடுவாங்களாம். முதலாளி குடுத்த கெடுல ரெண்டு நாள்தான் பாக்கி இருக்கு."

"அப்ப போயிட்டு வாங்க. இருக்கற காலையும் வாங்கி வச்சுக்கப் போறாங்க, பாத்து."

*

விழா மேடையில் பத்தொன்பது நாற்காலிகள். பதினெட்டில் வாரியத்தைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சலூன்காரரை மட்டும் நிற்கவைத்தார்கள். சாதனை உட்கார்ந்திருந்தால் படத்தில் எடுபடாது என்றார் படம் எடுப்பவர். காலியாக இருந்த பத்தொன்பதாவது நாற்காலியில் பூங்கொத்துகளை வைத்தார்கள். சலூன்காரர் கட்டையில் சாய்ந்து, இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேரை உட்காரவைத்துத் தான் நின்றோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுகிறவர் இல்லை.

"இருபத்தஞ்சு வருஷம்! இந்த வாரியம் ஆரம்பிச்ச அன்னைக்கு எங்ககிட்ட என்ன இருந்துச்சு? ஒரு மேசை. இன்னைக்கு? முந்நூறு மேசை! கால் குடுக்கறது யாரு வேணும்னாலும் குடுக்கலாம். ஆனா காலைப் பத்தி சிந்திக்கறதுக்கு ஒரு அமைப்பு வேணாமா? சில பேரு கேக்கறாங்க, போன வருஷம் எத்தனை கால் குடுத்தீங்கன்னு. நான் திருப்பிக் கேக்கறேன், எண்ணிக்கையா முக்கியம்? தரம்தான் முக்கியம்! போன வருஷம் நாங்க ஒரு காலும் குடுக்கல. ஏன்? அவசரப்பட்டுத் தரம் கெட்டுடக் கூடாதுன்னுதான். அந்தப் பொறுமையோட பலன் இதோ, உங்க முன்னால நிக்குது!"

கைதட்டல். தலைவர் பக்கத்தில் வந்து சலூன்காரரின் இடது பேன்ட்டை முழங்கால்வரை தூக்கினார்.

"பாருங்க! செயற்கைக் கால்னு யாராவது சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாது என்று கூட்டம் ஒப்புக்கொண்டது.

"சார், அந்தப் பக்கம் ஏன் ஊக்கு குத்தியிருக்கு?" என்று தலைவர் காதில் யாரோ முணுமுணுத்தார்கள். "அது அவரோட சொந்த விருப்பம்" என்று பிரிவு அலுவலர் பதிலுக்கு முணுமுணுத்தார்.

தலைவர் இடது கெண்டைக்காலை இரண்டு விரலால் பிடித்து நறுக்கென்று கிள்ளினார்.

"வலிக்குதா?"

"ஐயோ! வலிக்குது சார்!"

"உணர்ச்சி! உணர்ச்சியும் இருக்கு!" தலைவரின் குரல் தழுதழுத்தது. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. தூரத்து வரிசைக்கு அந்தக் கிள்ளல் தெரியவில்லை என்று படம் எடுப்பவர் சொன்னதால் இன்னொரு தரம் கிள்ளினார். சலூன்காரர் இன்னொரு தரம் ஐயோ என்றார். மூன்று வாரமாக வலிக்குமா வலிக்குமா என்று தான் கேட்க, ஒருவரும் வாய் திறக்காத இடத்தில், அதே கேள்விக்குத் தன்னிடம் மட்டும் இரண்டு தரம் பதில் வாங்கிக்கொண்டார்களே என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்து ஒரு சிக்கல். விழா என்றால் தலைவர் யாருக்காவது ஒரு கால் கொடுக்கிற மாதிரி படம் வேண்டும். சலூன்காரருக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே! பிரிவு அலுவலர் பட்டியலைப் புரட்டினார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பயனாளி: 'பாதி இழப்பு, வலது'.

இரண்டு காலும் பாதி மீசையும் உள்ள ரொட்டிக்கடைக்காரர் மேடைக்கு அழைக்கப்பட்டு, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் காலைத் தலைவர் கையால் வாங்கிக்கொண்டார்.

"இதை நான் எங்கய்யா வச்சுக்கறது?" என்று அவர் கேட்டது கைதட்டலில் அமுங்கிப்போனது.

இறங்கியதும் ஒரு சிப்பந்தி ஓடிவந்தார். "ஐயா, படம் முடிஞ்சிடுச்சு. காலைப் பின்னாடி பட்டறைல ஒப்படைச்சுட்டுப் போயிடுங்க. அடுத்த விழாவுக்கு வேணும்."

*

அப்படி ஒரு பட்டறை இருப்பதே சலூன்காரருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அரங்கத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகை. படி எதுவும் இல்லை. உள்ளே ஓர் ஆள், தலையிலிருந்து பாதம்வரை வெள்ளை மாவு படிந்து, ஒரு கிண்ணத்தின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்கடைக்காரர் காலை நீட்டினார். பட்டறைக்காரர் அதை வாங்கிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்.

"மேடைக் கால்" என்றார். "பதினோரு வருஷமா மேடை ஏறுது. உள்ள வெறும் கூடு. ஊனி நின்னா நொறுங்கிடும்."

பிறகு சலூன்காரர் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, நிற்கிற விதத்தைப் பார்த்தார்.

"வலது. முழங்காலுக்குக் கீழ. கால் இளைச்சு, பழைய கிண்ணம் லூசாப் போயிருக்கும். எத்தனை சாக்ஸ் போட்டுச் சமாளிச்சீங்க, நாலா?"

"அஞ்சு" என்றார் சலூன்காரர். மூன்று வாரத்தில் அவருடைய வலது காலைப் பற்றிப் பேசிய முதல் ஆள் இவர்தான். "ஆனா கோப்புல இடது காலுன்னு..."

"கோப்பு வந்தா அதுக்குத் தனியா அளவெடுக்கறேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். பட்டறைக்காரர் ஊக்கை எடுத்துப் பேன்ட்டை விலக்கினார். மிச்சமிருந்த காலில் கன்றிப் போயிருந்த இடங்களைக் கட்டைவிரலால் அழுத்தாமல் தொட்டுப் பார்த்தார். அச்செடுக்க ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்ற ஆரம்பித்தார். குளிர்ச்சியாக இருந்தது.

"இதுக்கெல்லாம் உங்களுக்கு உத்தரவு இருக்கா?" என்று ரொட்டிக்கடைக்காரர் கவலைப்பட்டார்.

"கால் செய்ய இல்ல. அலுவலக நாற்காலிக்குக் கால் உடைஞ்சா அன்னைக்கே சரி பண்ணணும்னு கண்டிப்பான உத்தரவு இருக்கு. அந்தக் கணக்குல எழுதிக்குவேன். போன வருஷம் மட்டும் நாப்பத்தி ரெண்டு நாற்காலிய நடக்க வச்சேன்." மாவை வழித்துவிட்டுக் கேட்டார், "பழையது எப்படி உடைஞ்சுது?"

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டு பெடல் விஷயத்தைச் சொன்னார். எட்டு மிதி என்று குறைத்துச் சொல்லப் பார்த்தார். "ஒம்போது" என்று பாதி மீசையோடு பக்கத்திலிருந்து திருத்தம் வந்தது.

அச்சு காய்ந்தது. பட்டறைக்காரர் அதை உருவி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நாளை மறுநாள் காலைல வாங்க. மாட்டிக்கிட்டே போயிடலாம்."

முதலாளி கொடுத்த கெடு முடிகிறதும் நாளை மறுநாள்தான். சலூன்காரர் எழுந்தார், கட்டையை ஊன்றினார், போகாமல் நின்றார். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. எத்தனை பேரிடம் கேட்டாயிற்று. ஆனாலும் வீட்டம்மாவுக்கு ஒரு பதில் கொண்டுபோக வேண்டுமே.

"ஒண்ணு கேக்கணும். இதைப் போட்டா நாள் முழுக்க நிக்க முடியுமா? வலிக்குமா?"

பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தார்.

"நாள் முழுக்க முடியாது. ஆறு மணி நேரம் நிக்கலாம். அதுக்கப்புறம் ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து வெட்டுங்க. முதல் ரெண்டு வாரம் நல்லா வலிக்கும். மூணாவது வாரம் குறையும். சுத்தமாப் போகாது. மத்தியானத்துக்கு மேல கால் சுருங்கும், அப்ப ஒரு சாக்ஸ் கூடப் போட்டுக்குங்க. ஒண்ணு போதும், அஞ்சு வேணாம். புண்ணு வந்தா ரோஷப்படாம கழட்டி வச்சுட்டு என்கிட்ட வாங்க." கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் அந்தப் பெடலை இதால மிதிக்காதீங்க. இடது காலால மிதிங்க. அது நல்ல கால்."